பதினொரு நாளும் ஒரு சொல்லும்

கேள்வி:

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். வயது 35. ஏ9 பாதை திறந்த 2002ஆம் ஆண்டு, ஏழாம் வகுப்பில், கிளிநொச்சியில் ஒரு விடுதியில் சேர்ந்தேன். நான்கு கட்டில் போட்ட அறையில் எனக்கும் அவளுக்கும் அடுத்தடுத்த கட்டில். இருவருக்கும் ஒரே றங்குப்பெட்டி, ஒரு பூட்டு, இரண்டு திறப்பு. உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது, 2008இல், இடம்பெயர்வு தொடங்கி விடுதி மூடப்பட்டது. அவரவர் குடும்பத்தோடு போய்விட்டோம்.

2009 மார்ச் நடுப்பகுதியில் வலைஞர்மடத்தில் வைத்து விடுதலைப் புலிகள் அவளை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று கிழமையில் தப்பி எங்கள் கூடாரத்துக்கு வந்தாள். தகப்பன் சுதந்திரபுரத்தில் ஷெல் விழுந்து இறந்துவிட்டார். காயப்பட்ட தாயை மாத்தளனில் கப்பலில் ஏற்றியிருந்தார்கள். ஏப்ரல் 20ஆம் திகதி எங்களோடு சேர்ந்து அவளும் நீரேரியைக் கடந்தாள். ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடியில், ஒரு நாளாவது இயக்கத்தில் இருந்தவர்கள் தனியே வந்து பதியவேண்டும் என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இயக்கத்தில் கட்டையாக வெட்டப்பட்ட தலைமயிரைக் கண்டு அவளை நிறுத்தினார்கள். மொழிபெயர்த்தவர் என் பக்கம் திரும்பி, "இவரைத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாது" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

நான் முகாமிலிருந்தே உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகம் போனேன். அவள் பம்பைமடுவில் இருந்த பெண்களுக்கான புனர்வாழ்வு நிலையத்துக்குப் போனாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். இப்போது அவளுடைய மகள் என் வகுப்பில் ஆறாம் ஆண்டு. பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவள், "பிள்ளை தமிழில் கொஞ்சம் மட்டம், பார்த்துக்கொள்ளுங்கள் ரீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து நித்திரையில்லை. பிள்ளைக்குக் கொப்பி, சப்பாத்து எல்லாம் நானே வாங்கிக் கொடுக்கிறேன். இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். அவளிடம் உண்மையைச் சொல்லவேண்டுமா? அல்லது பேசாமல் விலகிப் போய்விடவா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் ஆறு பக்கம். இங்கே சுருக்கித் தந்திருக்கிறேன். உங்களையோ அவளையோ அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றியும் இருக்கிறேன். ஆனால் ஆறு பக்கத்தையும் மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் கையில் பென்சிலோடு வாசித்தேன்.

ஒன்றரைப் பக்கம் முழுவதும் அவளுடைய கூந்தல். காலையில் விடுதி மணி அடித்ததும் அவளை உங்கள் கட்டில் விளிம்பில் இருத்தி, தேங்காயெண்ணெய் தடவி, இரட்டைப் பின்னல் பின்னி, றிபனை இரண்டாக மடித்துக் கட்டிவிட்டதை எழுதியிருக்கிறீர்கள். அடர்த்தியான கூந்தலில் உங்கள் சீப்பின் பல் உடைந்ததற்காக அவள் தன்னுடைய சீப்பையே தந்துவிட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். பிறகு அதே தலை கழுத்துக்கு மேலே கத்தரிக்கப்பட்டு உங்கள் கூடார வாசலில் வந்து நின்றது. ஓமந்தையில் நடந்தது நான்கு வரி. உங்கள் அம்மா அவளை ஒளித்து வைத்திருந்ததோ ஒரே ஒரு வரி, அதுவும் அடைப்புக்குறிக்குள்: "(பதினொரு நாள் எங்களோடுதான் இருந்தாள்.)"

அந்த அடைப்புக்குறியில் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். அதிலிருந்து தொடங்குகிறேன்.

அங்கே இல்லாதவர்களும் அதற்குப் பின் பிறந்தவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று தொடங்கிய ஆட்சேர்ப்பு கடைசி மாதங்களில் அந்தக் கணக்கையும் கடந்துவிட்டது. வளர்ந்த பிள்ளைகளைத் தாய்மார் குழி வெட்டிப் பீப்பாய்க்குள் இருத்தி மேலே பலகை போட்டு மூடினார்கள். அவசரமாகத் தாலி கட்டி வைத்தார்கள். ஓடிவந்த பிள்ளைகளைத் தேடிக் கூடாரம் கூடாரமாக ஆட்கள் வந்தார்கள். ஓடிவந்தவளை வைத்திருக்கும் வீட்டிலிருந்து வேறொரு பிள்ளையைக் கொண்டுபோக மாட்டார்கள் என்று எந்தத் தாயும் நம்பியிருந்த காலமல்ல அது. உங்கள் கூடாரத்தில் பதினெட்டு வயதில் நீங்கள் இருந்தீர்கள், பதினாறு வயதில் உங்கள் தம்பி இருந்தான். அப்படியிருந்தும் உங்கள் அம்மா அவளை உள்ளே எடுத்தார். கூறைச்சேலையை வெட்டி மண் மூட்டை தைத்த அந்தப் பதுங்கு குழியில், உங்கள் நான்கு பேருக்கே காணாத கஞ்சியில் ஐந்தாவது பங்கு பிரித்தார். இரவில் அவளை நடுவில் படுக்கவிட்டு நீங்கள் கரையில் படுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை ஏதோ இடவசதிக்காகச் செய்ததுபோல எழுதியிருக்கிறீர்கள். மணல் குழியில் கரையில் படுப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

இந்தப் பதினொரு நாளை நீங்கள் கணக்கில் எழுதவேயில்லை. பதினாறு ஆண்டுகளாக ஒரு சொல்லை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு உங்களை நீங்களே விசாரிக்கிறீர்கள். எங்கள் வேலையில் இதை அடிக்கடி காண்கிறோம். பயங்கரமான ஒரு நாளை மனம் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும்போது அந்த நாளின் மற்றப் பாகங்கள் எல்லாம் தேய்ந்துபோய், ஒரேயொரு காட்சி மட்டும் கூராக நின்றுவிடும். நீரேரியில் கை நழுவிப்போன ஒருவர், பின்னால் வந்த ஆச்சியைத் திரும்பிப் பார்க்காமல் ஓடிய ஒருவர் என்று என் முன்னால் இருந்து அழுதவர்கள் பலர். அவர்களிடம் நான் கேட்பதையே உங்களிடமும் கேட்கிறேன். அந்த நாளைக் காலையிலிருந்து எழுதுங்கள். பஸ்ஸில் யார் பக்கத்தில் இருந்தீர்கள், கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள், பையை யார் தூக்கினார்கள், வெயில் எந்தப் பக்கம் அடித்தது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரே நாளில் எழுதி முடிக்கவேண்டியதில்லை. எழுதிய தாளை வைத்திருக்க விருப்பமில்லையென்றால் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

எழுதும்போது ஒரு கேள்விக்கு மட்டும் கட்டாயம் பதில் எழுதுங்கள்: அந்த வரிசையில் தம்பி எங்கே நின்றான்? நான்காம் பக்கத்தில் வேறொரு விடயத்தைச் சொல்லும்போது, "தம்பி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான்" என்று ஒரு வசனம் வருகிறது. அந்தத் "தெரியாது" என்ற சொல்லுக்குப் பின்னால் அவன் நின்றிருக்கிறான். ஓடிவந்த ஒருத்தியைத் தெரியும் என்று சொன்ன வாய்க்கு அடுத்த கேள்வி எதைப் பற்றி வந்திருக்கும் என்று அன்று உங்கள் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. நித்திரையில்லாமல், பசியோடு, ஈரம் காயாத உடுப்போடு நிற்கிற பதினெட்டு வயதுப் பிள்ளையின் வாய் யோசித்துப் பதில் சொல்வதில்லை. பயம்தான் பதில் சொல்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நீங்கள் "தெரியும், என்னோடு படித்தவள், மூன்று கிழமைதான் இருந்தாள்" என்று சொல்லியிருந்தால் அவளை விட்டிருப்பார்களா? அந்த ஒலிபெருக்கி ஒரு நாளே போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு ஏறத்தாழ 280,000 பேர் முகாம்களுக்குள் போனார்கள்; 11,000க்கும் மேற்பட்டவர்கள் புனர்வாழ்வு நிலையங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவள் தலைமயிரே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அவளைப் பம்பைமடுவுக்கு அனுப்பியது உங்கள் சொல் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வசனத்தை வெட்டிவிடுங்கள். அது உண்மையில்லை.

ஆனால் பரவாயில்லை என்று சொல்லி உங்களைத் தட்டிக்கொடுத்து அனுப்பவும் மாட்டேன். அந்தச் சொல் அவள் காதில் விழுந்தது. தகப்பன் இல்லை, தாய் எந்த வைத்தியசாலையில் என்று தெரியாது. அவ்வளவு சனத்துக்குள் அவள் பெயரைத் தெரிந்தவர்கள் என்று நின்றது உங்கள் குடும்பம் மட்டும்தான். அந்த நிமிடத்தில் அவளுக்கு என்ன இல்லாமல் போனது என்பதை நீங்கள் நன்றாக உணர்ந்திருக்கிறீர்கள். அதனால்தான் கடிதம் எழுதினீர்கள். அந்த வலி பொய்யில்லை. அதை நான் எடுத்துவிடப் பார்க்கவுமில்லை.

என் மனதில் பட்டதை நேராகச் சொல்கிறேன். ஓமந்தையில் சொன்ன சொல்லுக்கு நீங்கள் பொறுப்பு என்று என்னால் சொல்ல முடியாது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளுக்குப் பொறுப்பு உண்டு. 2009 டிசம்பரில் மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே போய்வர அனுமதி கிடைத்தது. நானும் அங்கே நான்காம் வலயத்தில் இருந்தவள். முதல் முறை வவுனியாவுக்கு பஸ் ஏறிய காலை இன்னும் ஞாபகம் இருக்கிறது. மன்னார் வீதியில் பம்பைமடுவைக் கடக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது நீங்கள் போயிருந்தாலும் குடும்பத்தவர் இல்லையென்று உள்ளே விட்டிருக்க மாட்டார்களோ என்னவோ. ஆனால் அவள் வெளியே வந்த பிறகு? அவள் தாயோடு ஊரில் குடியேறிவிட்டாள் என்று 2012இலேயே உங்களுக்குச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் அவளுடைய ஒழுங்கையைத் தவிர்த்துச் சுற்றிப் போயிருக்கிறீர்கள். அப்போது ஒலிபெருக்கி இல்லை, துவக்கு இல்லை, சட்டையைப் பிடித்தபடி தம்பி இல்லை. வெட்கம் மட்டும்தான் இருந்தது.

அந்த ஆண்டுகள் அவளுக்கு எப்படிப் போயிருக்கும் என்று கொஞ்சம் யோசியுங்கள். அவளை எனக்குத் தெரியாது. ஆனால் புனர்வாழ்வு முடிந்து ஊருக்கு வந்த பெண்கள் பலரோடு கதைத்திருக்கிறேன். தப்பி ஓடிவந்தவள் என்று ஒரு பக்கம், இயக்கத்தில் இருந்தவள் என்று மறுபக்கம். சம்பந்தம் பேசவந்தவர்கள் படலையோடு திரும்பிப் போவார்கள். மோட்டார் சைக்கிளில் வந்து விசாரிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்ப்பார். இப்படிப்பட்ட காலத்தில் கிணற்றடியில் வந்து இருந்து கதைத்துவிட்டுப் போக ஒரு பழைய தோழி இருந்திருந்தால் அது எவ்வளவு பெரிய விடயம்! நீங்கள் வருத்தப்படவேண்டியது இதற்குத்தான். இதை இனியாவது திருத்தலாம்.

ஆகவே, சொல்லவேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில் ஆம். எப்படிச் சொல்வது என்பதில் மிகவும் கவனம் தேவை.

பாடசாலையில் வைத்துச் சொல்லாதீர்கள். அங்கே நீங்கள் அவள் பிள்ளையின் ஆசிரியை. உங்கள் மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் அவளால் அங்கே கோபிக்க முடியாது. பிள்ளையை நினைத்து விழுங்கிவிடுவாள். கோபிக்கும் உரிமையை அவளுக்குக் கொடுக்காமல் மன்னிப்பு வாங்குவது இன்னொரு அநியாயம். பிள்ளை இல்லாத நேரமாக, "உன்னோடு கொஞ்சம் கதைக்கவேண்டும், வீட்டுக்கு வரலாமா?" என்று முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். அவள் உங்களை "ரீச்சர்" என்று அழைத்தாலும் நீங்கள் அவளைப் பெயர் சொல்லி அழைக்கலாம்.

வாட்ஸ்அப்பில் எழுதவே வேண்டாம், கடிதமாகவும் வேண்டாம். அவள் மூன்று கிழமை எங்கே இருந்தாள், எப்படித் தப்பினாள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கவேண்டிய விடயங்களில்லை. இன்றும் அவளைத் தேடி யாராவது விசாரிக்க வரலாம். வாயால் சொல்லுங்கள்.

மே மாதத்தில் போகாதீர்கள். முள்ளிவாய்க்கால் நினைவாகக் கஞ்சி காய்ச்சுகிற அந்த நாட்களில் வன்னியில் ஒவ்வொரு வீட்டுக்கும் அதனதன் சாவு இருக்கிறது. அவள் தகப்பனை நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

சொல்லவேண்டியது இரண்டு வசனம்தான். "அன்றைக்கு உன்னைத் தெரியாது என்று சொன்னேன். பிறகும் உன்னைத் தேடி வரவில்லை." இதோடு நிறுத்துங்கள். ஏன் சொன்னேன், எப்படிப் பயந்தேன் என்று விளக்கத் தொடங்கினால் அது உங்கள் கதையாகிவிடும். தம்பியைப் பற்றி அவளாகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். "மன்னித்துவிடு" என்ற சொல்லையும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். அதற்கு அவள் உடனே ஏதோ ஒரு பதில் சொல்லவேண்டி வரும். அழுகை வந்தால் வரட்டும். ஆனால் அவள் எழும்பி வந்து உங்களைத் தேற்றும் அளவுக்கு அழுதுவிடாதீர்கள். பம்பைமடுவில் என்ன நடந்தது என்று கேட்கவே வேண்டாம். ஓமந்தையில் கேட்டார்கள், நிலையத்தில் கேட்டார்கள், வந்தபிறகும் கேட்டார்கள், உதவி கொடுக்க வந்தவர்களும் படிவம் வைத்துக்கொண்டு கேட்டார்கள். கேள்வி கேட்காத ஓர் ஆளாக நீங்கள் இருங்கள்.

அவள் "எனக்கு ஞாபகமில்லை" என்று சொல்லலாம். அப்படியே விட்டுவிடுங்கள், ஞாபகப்படுத்தப் போகாதீர்கள். "கேட்டது" என்று சொல்லலாம். அப்போது நீங்கள் அந்தக் கதிரையில் அசையாமல் இருக்கவேண்டும். இனி வராதே என்றும் சொல்லலாம். சொன்னால் போகாதீர்கள். அவள் மகள் உங்கள் வகுப்பில் மற்றப் பிள்ளைகளைப்போல ஒரு பிள்ளையாகப் படிக்கட்டும்.

மகளைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்கிறேன், கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லப்போகிறேன். கொப்பியும் சப்பாத்தும் வாங்கிக் கொடுப்பதை நிறுத்துங்கள். அந்தப் பிள்ளை உங்கள் கடனைக் கட்டும் இடமல்ல. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் கவனிப்பார்கள். ஏன் எனக்கு மட்டும் என்று அவளும் ஒருநாள் கேட்பாள். தாய்க்கும் அது காரணம் தெரியாத பிச்சையாகப் படலாம். பிள்ளைக்குத் தமிழ் மட்டம் என்றால் தமிழ் சொல்லிக்கொடுங்கள். தாய் கேட்டதும் அதைத்தானே.

பிள்ளையின் றிபன் முடிச்சு அப்படியே நீங்கள் விடுதியில் கட்டிவிட்டதுபோல இருக்கிறது, அவள் உங்களை மறக்கவில்லை என்பதற்கு இது அடையாளமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் வாசிக்கும்போது தொண்டை அடைத்தது. ஆனாலும் அந்த முடிச்சை வைத்து அவள் மனதை வாசிக்காதீர்கள். பழகிய கை பழகியபடி கட்டுகிறது என்று மட்டும் இப்போதைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவள் ஏற்கெனவே மன்னித்துவிட்டாள் என்ற நினைப்போடு வாசலில் போய் நிற்பீர்கள். அங்கே வேறு முகம் இருந்தால் தாங்கமாட்டீர்கள்.

உங்கள் நித்திரையின்மை இரண்டு மாதத்தைத் தாண்டிவிட்டது. அதை இந்தப் பதிலோடு விட்டுவிட முடியாது. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போய்க் கதையுங்கள். மனநலப் பிரிவு என்றால் ஊர் என்ன நினைக்கும் என்று பயப்படாதீர்கள், அங்கே வரிசையில் உங்களைப்போல உத்தியோகம் பார்க்கிறவர்களும் நிற்பார்கள். இரவில் தாங்கமுடியாமல் போனால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். அவளிடம் போவதற்கு முன் ஓரளவு நித்திரை கொண்ட உடம்பு உங்களுக்கு வேண்டும்.

இடமாற்ற விண்ணப்பம் இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பவேண்டாம். அனுப்பினால் அது நீங்கள் சுற்றிப் போகிற இன்னோர் ஒழுங்கையாகிவிடும்.

உங்கள் அம்மா இன்னும் உங்களோடுதான் இருக்கிறார். இந்தப் பதினாறு ஆண்டுகளில் நீங்கள் இருவரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தோழியின் வீட்டுக்குப் போவதற்கு முன் அம்மாவிடம் போங்கள். பின்னேரம் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து கேளுங்கள்: அந்தப் பதினொரு நாளும் அவளுக்கு என்ன சாப்பிடக் கொடுத்தோம், அம்மா?